எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், பயம் மட்டும் போகவில்லை: சிறுநீர்த் தொல்லையில் மாட்டிக்கொண்ட இளைஞர்களுக்கு

படுக்கப் போகும் முன் ஒருமுறை. விளக்கை அணைத்த பின் இன்னொரு முறை, சும்மா ஒரு திருப்திக்கு. கண் அசரும் நேரத்தில் அடிவயிற்றில் ஏதோ மிச்சம் இருப்பது போலத் தோன்றும். எழுந்து போய் நின்றால் நாலு சொட்டு.

எனக்கு 27 வயதில் இது ஆரம்பித்தது. அறைத் தோழன் முதல் வாரம் கிண்டல் செய்தான். இரண்டாம் வாரம், "மச்சான், சுகரா இருக்கப் போகுது, செக் பண்ணிடு" என்றான். அன்றைக்குப் பிடித்த ஓட்டம் எட்டு மாதம் ஓய்ந்தபாடில்லை. மூன்று லேப், இரண்டு ஸ்கேன், நாலு டாக்டர், ஒரு டப்பா லேகியம். எல்லோரும் சொன்னது "ஒண்ணும் இல்லை". ஆனால் கடுப்பும் அவசரமும் அப்படியேதான் இருந்தன.

நான் டாக்டர் இல்லை. இந்த வழியில் முன்னால் போய் முட்டிக்கொண்டவன், அவ்வளவுதான். 20 முதல் 40 வயதுக்குள் இருக்கிறீர்கள், அடிக்கடி யூரின் வருகிறது, எரிகிறது, முழுசாகப் போகாதது போல இருக்கிறது, கூகுளில் ப்ராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) என்று தேடிவிட்டுத் தூக்கம் தொலைத்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு. சுருக்கமாகச் சொன்னால் வேலை இரண்டுதான். சரியான வரிசையில் ஒருமுறை முழுதாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பரிசோதிப்பதை நிறுத்த வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் முதல் வேலையைச் செய்வதில்லை. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு இரண்டாவதுதான் வராது.

காத்திருக்கக் கூடாதவை

கீழே வருபவற்றில் ஏதாவது இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்புங்கள். மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

யூரினில் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம், வலி இல்லாவிட்டாலும் சரி. (முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். நான் யோசிக்காமல் ஆட்டோ பிடித்தேன்.) குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டுகூடப் போக முடியாமை. விலாப்பக்கம் ஆரம்பித்துத் தொடை இடுக்கு வரை இறங்கும் சுருட்டி எடுக்கும் வலி. வெயிலில் அலைகிறவர்களுக்கு இது பெரும்பாலும் கல். குறியிலிருந்து சீழ் போல வடிதல். உட்காரும் இடத்தில் மரத்துப்போய், காலும் பலமிழந்து, யூரினும் கட்டுப்படாமல் போவது முதுகுத்தண்டு நரம்பு சம்பந்தப்பட்டது, அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி.

திடீரென்று ஒரு விதையில் தாங்க முடியாத வலி என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டுக் காலை வரை பொறுத்திருக்கிற விஷயமில்லை அது.

அதீத தாகம், காரணமில்லாமல் எடை குறைதல், மாலையில் வரும் காய்ச்சல் ஆகியவற்றுக்கு அன்று இரவே ஓட வேண்டாம். அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று நாள், ஒரு பாட்டில், ஒரு நோட்டு

மேலே சொன்னது எதுவும் இல்லையா? சரி, டாக்டரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் செய்யச் சொல்லி எனக்கு முதல் மூன்று டாக்டர்களும் சொல்லவில்லை, நாலாமவர் சொன்னார். ஆயிரக்கணக்கில் செலவழித்த பரிசோதனைகள் சொல்லாததை ஒரு பாட்டில் சொன்னது.

பழைய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டினேன். இருமல் மருந்தோடு வரும் 10 மி.லி. குவளையால் ஐந்து முறை தண்ணீர் ஊற்றி மார்க்கரால் ஒரு கோடு, இன்னும் ஐந்து முறை ஊற்றி அடுத்த கோடு என்று அரை லிட்டர் வரை போட்டேன். பாட்டிலைக் குளியலறை ஜன்னலில் வைத்தேன். மூன்று நாள், அதில் ஒன்றாவது விடுமுறை நாளாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் நேரம், எத்தனை மி.லி., எவ்வளவு அவசரம், அதற்கு முன் என்ன குடித்தோம் என நாலே விவரங்கள். ஆபீஸ் நாளில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போக வெட்கமாக இருந்தால் இரண்டு விடுமுறை நாளும் ஒரு வேலை நாளின் காலை, இரவும் போதும். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

என் நோட்டின் முதல் நாள் இப்படி ஆரம்பித்தது. காலை 6:40, 460 மி.லி. 8:15, 110. 9:05, 60, பக்கத்தில் "கிளம்பும் முன், எதற்கும்" என்று எழுதியிருக்கிறேன். 10:20, 90. இப்படியே மொத்தம் 13 முறை, கூட்டினால் சுமார் 1,600 மி.லி.

அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். "தம்பி, ராத்திரி முழுக்கத் தூங்கி 460 மி.லி. பிடிச்சு வச்ச பை, பகல்ல 60 மி.லி.க்கு ஏன் கூப்பிடுது?"

நம் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மி.லி. வரை சாதாரணமாகப் பிடிக்கும். 150, 200 சேரும்போதே முதல் உணர்வு வரும். அது "நான் இருக்கிறேன்" என்கிற தகவல்தான், உடனே ஓடு என்கிற உத்தரவில்லை. விழித்திருக்கும் நேரத்தில் ஏழெட்டு முறை போவது வழக்கமான கணக்கு.

நோட்டைப் பார்க்கும்போது மூன்று மாதிரிகள் தென்படும். ஒன்று, மொத்தம் 3 லிட்டரைத் தாண்டுவது: அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறீர்கள், அல்லது சர்க்கரையைப் பார்க்க வேண்டும். "கிருமியை அடித்துக்கொண்டு போகட்டும்" என்று நான் நடுவில் ஒரு மாதம் தினம் 4 லிட்டர் குடித்துவிட்டு, அடிக்கடி வருகிறதே என்று அழுதேன். இரண்டாவது என்னுடைய மாதிரி: காலையில் முழு அளவு, பகலில் கொசுறு கொசுறாக, இரவில் தொந்தரவில்லாத தூக்கம். பை நன்றாக இருக்கிறது என்பதற்கு இது பெரிய சான்று. மூன்றாவது, இரவிலும் எழுப்பி எழுப்பிச் சின்னச் சின்ன அளவாகப் போவது, அல்லது பை நிறைய நிறைய வலிப்பது. இதை டாக்டரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

டாக்டர் அறையில் அந்த ஐந்து நிமிடம்

முதலில் பொது மருத்துவர் போதும். தேவைப்பட்டால் அவரே சிறுநீரியல் நிபுணரிடம் அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புறநோயாளிச் சீட்டு எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் என்ன சொல்வது என்று எழுதிக்கொண்டு போங்கள். எப்போது ஆரம்பித்தது, எது முக்கியத் தொல்லை, நோட்டு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். ஜலதோஷ மாத்திரைகள் சில யூரின் வெளியேறுவதைத் தடுமாற வைக்கும், அதனால் அதையும் விடாதீர்கள். முன்பு எப்போதாவது குழாய் போட்டிருந்தாலோ, சைக்கிள் பாரிலோ சுவரிலோ கால் அகல விழுந்து அடிபட்டிருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். மூத்திரக் குழாய் சுருங்கியிருக்க வாய்ப்புண்டு, இளம் வயதில் தாரை நூல் போல மெலிவதற்கு அது ஒரு நிஜமான காரணம்.

அப்புறம் அந்தக் கேள்வி. நம் ஊர் டாக்டர்கள் பலர் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். நாம் "இல்லை சார்" என்போம். அந்த அத்தியாயம் அதோடு மூடப்படும். அவர் கேட்க நினைத்தது வேறு, நாம் சொல்லாமல் விட்டது வேறு. பாதுகாப்பில்லாத உறவு இருந்திருந்தால் வாயைத் திறந்து நீங்களே சொல்லிவிடுங்கள். கிளாமிடியா, கொனோரியா போன்ற பாலியல் தொற்றுகள் எரிச்சலுக்கு உண்மையான காரணங்கள், சரியான மருந்தில் குணமாகிறவை. அதற்கான யூரின் பரிசோதனைக்கு முதலில் வரும் நீரைப் பிடிக்க வேண்டும், அதற்கு முன் ஒரு மணி நேரமாவது போகாமல் இருக்க வேண்டும். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கோ நடுவில் வரும் நீர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எச்.ஐ.வி. பயம் இருந்தால் அறிகுறியை வைத்து ஊகிக்க முடியாது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகப் பார்ப்பார்கள். சம்பவம் நடந்து 3 மாதம் கழித்து எடுத்த சோதனையும் இல்லை என்றால் இல்லைதான். ஒவ்வொரு மாதமும் திரும்ப எடுக்கத் தேவையில்லை.

பரிசோதனைகள் என்று பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவுதான்: யூரின் ரொட்டீன், யூரின் கல்ச்சர், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கிட்னி வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின். டாக்டர் சொன்னால், போவதற்கு முன்னும் பின்னும் பார்க்கும் வயிற்று ஸ்கேன். தாரை மெலிந்திருந்தால் யூரின் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ. 30 வயதில் நீங்களாக லேபுக்குப் போய் பி.எஸ்.ஏ. என்கிற ப்ராஸ்டேட் ரத்தப் பரிசோதனை எடுக்காதீர்கள். ப்ராஸ்டேட் புற்றுநோய் 40 வயதுக்குக் கீழே மிக மிக அரிது. ப்ராஸ்டேட் அழற்சி இருந்தாலே அந்த எண் ஏறும். ஏறிவிட்டால் அப்புறம் உங்கள் தூக்கத்துக்கு யார் பொறுப்பு?

ஸ்கேன் சென்டரில் நடந்தது

"பிளாடர் ஃபுல் ஆகணும், தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க" என்றார் வரவேற்பில் இருந்த அக்கா. ஒன்றரை லிட்டர் குடித்தேன். முன்னால் ஒன்பது பேர். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டபோது நெற்றியெல்லாம் வியர்வை. முடித்து, "போயிட்டு வாங்க" என்று அனுப்பினார்கள். கதவு சரியாகச் சாத்தாத கழிப்பறை, வெளியே தட்டிக்கொண்டே ஒருவர். பாதிதான் போனது. ரிப்போர்ட்டில் வந்தது: யூரின் போன பின்னும் மிச்சம் 120 மி.லி.

அந்த 120 என்ற எண் என்னை ஆறு வாரம் ஆட்டிப் படைத்தது. சாதாரணமாக மிச்சம் 50 மி.லி.க்குள் இருக்கும் என்று படித்திருந்தேன் அல்லவா. பிறகுதான் தெரிந்தது, பையை அளவுக்கு மீறி நிரப்பி, அவசரத்தில் போகச் சொன்னால் நல்ல பையிலும் மிச்சம் நிற்கும். இன்னொரு நாள் மிதமாக நிரம்பியதும் நிதானமாகப் போய்விட்டு எடுத்தபோது 20. ஆகவே மிச்சம் அதிகம் என்று வந்தால் உடனே கலங்காமல், எவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அவர் மறுபடி எடுக்கச் சொல்வார். யூரோஃப்ளோவும் அப்படித்தான். 150 மி.லி.யாவது போனால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம் உண்டு.

யூரின் ரொட்டீனில் பஸ் செல் (pus cell, அதாவது வெள்ளணு) 2-4 என்றிருப்பது சீழ் அல்ல. 5 வரை சாதாரணம். எப்பிதீலியல் செல் என்பது தோலிலிருந்தும் சிறுநீர்ப் பாதையின் உள்பரப்பிலிருந்தும் உதிர்வது. சிவப்பணு 3 அல்லது அதற்கு மேல் என்று வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பஸ் செல் திரும்பத் திரும்ப நிறைய இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் அதையும் விடக் கூடாது. நம் நாட்டில் சிறுநீர்ப் பாதைக் காசநோய் இன்னும் இருக்கிறது, அதைத் தனியாகத் தேடினால்தான் தெரியும். மற்றபடி, ஒரே வாரத்தில் இரண்டு லேபில் கொடுத்து 1-2க்கும் 3-4க்கும் வித்தியாசம் தேடுவது நான் செய்த பைத்தியக்காரத்தனம். காலையில் குடித்த தண்ணீரே அந்த எண்ணை மாற்றும்.

ஒன்றும் இல்லை என்றால் ஏன் எரிகிறது

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். "ஒன்றும் இல்லை" என்றால் நோய்க்கிருமி இல்லை, கட்டி இல்லை, கல் இல்லை, சர்க்கரை இல்லை. உங்கள் எரிச்சல் கற்பனை என்று அதற்குப் பொருளில்லை.

இடுப்புக் கூண்டின் அடியில் தொட்டில் துணி மாதிரி தசைகள் இருக்கின்றன. யூரின் போகும்போது இவை தளர வேண்டும். பயத்தில் தோளை உயர்த்திப் பல்லைக் கடிப்பது போல இவற்றையும் நாம் இறுக்கிக்கொள்கிறோம், ஆனால் அது நமக்குத் தெரிவதில்லை. எட்டு மணி நேரம் நாற்காலி, ஒரு மணி நேரம் பைக், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்தால் அந்தத் தசை தளரவே மறந்துபோகும். விளைவு: தயங்கித் தயங்கி வரும் தாரை, முடிந்த பின்னும் மிச்சம் போன்ற உணர்வு, விதைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு மந்தமான வலி, குறி நுனியில் எரிச்சல்.

இது 6 மாதத்தில் 3 மாதமாவது தொடர்ந்தால் நீடித்த இடுப்பு வலிக் கூட்டறிகுறி என்கிறார்கள். ரிப்போர்ட்டில் "குரானிக் ப்ராஸ்டடைட்டிஸ்" (நீடித்த ப்ராஸ்டேட் அழற்சி) என்று எழுதுவார்கள், அதைப் படித்துத்தான் பாதிப் பேர் நொறுங்கிப்போகிறார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1995-இல் ப்ராஸ்டடைட்டிஸை நான்கு வகையாகப் பிரித்தன. கிருமியே கிடைக்காத இந்த மூன்றாம் வகைதான் தொல்லையோடு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு. இது புற்றுநோயாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறி அல்ல.

அதனால் மெடிக்கல் ஷாப்பில் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். இரண்டு நாள் குறைந்தது போலத் தெரியும், மறுபடி வரும், மறுபடி ஒரு கோர்ஸ். கிருமி இல்லாத இடத்தில் அது எதைக் கொல்லும்? அந்த வகை மருந்துகள் தசைநாரைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே கடும் எச்சரிக்கை போட வைத்தது. டாக்டர் காரணத்தோடு எழுதினால் முழுக் கோர்ஸ் சாப்பிடுங்கள், அது வேறு. யூரின் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை எழுதினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், விந்து குறைவாக வரலாம். முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அதை வைத்துப் புதுப் பயம் கிளம்பாது.

இன்னொன்று: யூடியூப் பார்த்து கீகல் பயிற்சி ஆரம்பிக்காதீர்கள். அது தளர்ந்த தசையை இறுக்கும் பயிற்சி. ஏற்கெனவே இறுகிக் கிடப்பவர் செய்தால் தொல்லை கூடும். எனக்குக் கூடியது. நமக்கு வேண்டியது தளர்த்துவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, வயிறு மேலெழும்படி மெதுவாக மூச்சிழுத்து, விடும்போது அடியில் எல்லாம் இறங்கட்டும் என்று விட்டுவிடுவது. தினம் இருமுறை பத்து நிமிடம். வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது. மலச்சிக்கலைச் சரிசெய்வது. நின்றுகொண்டு முக்காமல் சில நாள் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். நம் ஊர்க் குந்தும் கழிப்பறை இந்த விஷயத்தில் ரொம்ப நல்லது. இடுப்புத் தசைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் விடாதீர்கள்.

ஜிப் போட்ட பின் வரும் சொட்டு

இதற்கு ஒரு பத்தி போதும். முடித்துவிட்டு ஜட்டி போட்ட பின் கசிகிறதே, நரம்பு போய்விட்டதோ என்று கேட்பவர்கள் ஏராளம். குழாயின் வளைவில் தேங்கிய சில சொட்டுகள்தான் அவை. போய் முடித்ததும் விதைப்பைக்குப் பின்னால் மூன்று விரலால் மெல்ல அழுத்தி, முன்னோக்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். இருமுறை. தேங்கியது வெளியே வந்துவிடும்.

சூடு, தாது, லாட்ஜ் வைத்தியர்

வீட்டில் சொன்னால் முதலில் வரும் தீர்ப்பு "உடம்பு சூடு". இளநீர், வெந்தயம், பார்லிக் கஞ்சி, நன்னாரி எல்லாம் குடிக்கலாம். நீர் குறைந்து அடர்ந்த யூரின் எரியத்தான் செய்யும், அதற்கு நிஜமாகவே பலன் உண்டு. என் பாட்டி கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவிவிட்டாள். பலன் தெரியவில்லை, ஆனால் அவள் கை பட்டது நன்றாக இருந்தது. டீ, காபி, எனர்ஜி டிரிங்க்கைக் குறைத்தால் பலருக்கு இன்னும் நல்ல பலன்.

ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. யூரின் கலங்கலாக, வெள்ளையாகத் தெரிந்ததும் "தாது போகுது", அதாவது விந்து வீணாகக் கசிகிறது என்கிற பயம். பெரும்பாலும் அது யூரினில் படியும் பாஸ்பேட் உப்பு. இந்தப் பயத்துக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இலேயே தாது நோய்க்குறி என்று பெயர் வைத்தார். அதாவது உங்கள் அப்பா காலத்துப் பையன்களும் இதே சுவரொட்டியைத்தான் பஸ் ஸ்டாண்ட் கழிப்பிடத்தில் படித்து நடுங்கினார்கள். மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியரிடம் நானும் போனேன். நாடியைப் பிடித்தார், "சின்ன வயசுல நிறையத் தப்புப் பண்ணிட்ட" என்றார். 25 வயசுப் பையன் யாரிடம் சொன்னாலும் பலிக்கிற ஜோசியம். சுய இன்பத்தால் நரம்பு தளராது, சிறுநீர்ப்பை கெடாது. ஆண்மைக்குறைவைக் குணப்படுத்துகிறோம் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய சிகிச்சைகள் சட்டம் தடை செய்திருக்கிறது. லேகியத்தில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்பதும் தெரியாது, கிட்னிக்குத்தான் வேலை வைக்கும்.

பார்ப்பதை நிறுத்துவது

ஒருமுறை முழுப் பரிசோதனை முடிந்தது, டாக்டரும் பயமில்லை என்றுவிட்டார். இனிதான் கடினமான வேலை.

இப்போதே உங்கள் இடது காதை ஒரு நிமிடம் கவனியுங்கள். லேசாகச் சூடாக, அரிப்பாக, ஏதோ இருப்பதாகத் தெரியும். எட்டு மாதம் கவனித்தால்? அப்படித்தான் நாம் சிறுநீர்ப்பையைக் காவல் காக்கிறோம். கவனிக்கக் கவனிக்க உணர்வு கூடுகிறது, உணர்வு கூடக் கூடப் பயம், பயத்தில் தசை இறுகுகிறது, இறுகினால் நிஜமாகவே அவசரம் வருகிறது. போய்விட்டு வந்தால் ஐந்து நிமிட நிம்மதி. மூளை கற்றுக்கொள்ளும் பாடம்: போனால்தான் நிம்மதி.

நான் செய்தவற்றைச் சொல்கிறேன். "எதற்கும்" போவதை முதலில் வெட்டினேன். வீட்டை விட்டுக் கிளம்பும் முன், படம் ஆரம்பிக்கும் முன், மீட்டிங்குக்கு முன் என்று அவசரமே இல்லாமல் போனவை அவை, அன்றைய 13-இல் ஐந்து அப்படிப்பட்டவை. அடுத்து, உணர்வு வந்ததும் 10 நிமிடம் தள்ளிப்போடுவது. அலை போல ஏறி, அதுவாகவே இறங்கும். முதல் தடவை அது இறங்கியதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து 15, பிறகு 20 நிமிடம். இரண்டரை மணி நேர இடைவெளி வந்ததும் நிறுத்திக்கொண்டேன். வலிக்க வலிக்க அடக்குவது இதில் சேராது, மிச்சம் அதிகம் நிற்பவர்களும் வலி உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

யூரினின் நிறத்தையும் நுரையையும் குனிந்து பார்ப்பதை நிறுத்துவது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் பளிச் மஞ்சள், வேகமாக விழுந்தால் நுரை. ரொட்டீனில் புரதம் இல்லை என்று வந்த பிறகும் நுரையை எண்ணி என்ன ஆகப்போகிறது? கூகுளுக்கு ஒரு விதி போட்டேன்: அறிகுறியைத் தேடத் தோன்றினால் கேள்வியைத் தாளில் எழுதி வை, ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தேடலாம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தால் பாதிக் கேள்வி எழுதிய எனக்கே புரியவில்லை. அறைத் தோழனிடமும் சொல்லிவைத்தேன்: "எனக்கு ஒண்ணும் இல்லல்லடா?" என்று நான் கேட்டால், "அதைத்தான் போன வாரமே பேசியாச்சு" என்பது மட்டுமே அவன் பதில். இரக்கமில்லாதது போலத் தெரியும். ஆறுதல் கேட்பதும் ஒருவகைப் பரிசோதனைதான், அரை மணி நேரத்தில் காலாவதியாகிவிடும்.

கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போகாமல் விட்ட ஊர்களுக்குப் பஸ் ஏறுவது கடைசிப் படி. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை முதலில். அப்புறம் விழுப்புரம்.

மனநல டாக்டர் என்றால்

இதையெல்லாம் இரண்டு மாதம் முயன்றும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த நினைப்பிலேயே போகிறது, வேலை கெடுகிறது, கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். "எனக்குப் பைத்தியமா" என்று நானும்தான் கேட்டேன். நோய்ப் பதற்றம் என்பது தனியாக அடையாளம் காணப்பட்ட ஒரு பிரச்சினை. 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு பழைய "ஹைப்போகாண்ட்ரியா" என்ற பெயரை எடுத்துவிட்டதற்கு அந்தச் சொல் வசவாகிப்போனதும் ஒரு காரணம். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எனப்படும் பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்கிறது. மருந்து தேவைப்பட்டால் அதுவும் உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலிமானஸ், 14416. 2022-இல் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், எந்நேரமும், தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்று தோன்றுகிற ராத்திரியில் விடியும் வரை காத்திருக்காமல் அந்த எண்ணை அழுத்துங்கள்.

மறுபடி பரிசோதனை எப்போது

ஆரம்பத்தில் சொன்ன காத்திருக்கக் கூடாத பட்டியலில் ஒன்று வந்தால் உடனே. முன்பு இல்லாத புது அறிகுறி இரண்டு வாரம் நீடித்தால் அதே டாக்டரிடம், புது டாக்டரிடம் இல்லை. பழைய அறிகுறி திரும்பினால் முதலில் காலண்டரைப் பாருங்கள். எனக்கு ஆபீஸில் அப்ரைசல் நடக்கும் மார்ச்சில் வரும், ஊரிலிருந்து அம்மா பெண் பார்த்த செய்தியோடு போன் செய்த வாரமும் வந்தது. அப்போது மூன்று நாள் நோட்டு மட்டும் மறுபடி எழுதுவேன், லேபுக்குப் போவதில்லை. போன மார்ச்சில் எழுதியதில் இரண்டாம் நாளோடு பக்கம் வெறுமையாக இருக்கிறது. மூன்றாம் நாள் எழுத மறந்துவிட்டேன்.